பாஸ்ஸியின் பின்படிக்கட்டு

1

சென்ற மாதம் மரக்காணத்திலிருந்து என் தம்பி அந்தோணி வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரக் கையேட்டை அனுப்பியிருந்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையில், உப்பளங்களைத் தாண்டிச் சற்றுத் தெற்கே, மதிற்சுவரும் காவலர் கூண்டும் வைத்து நாற்பது வீடுகள் கட்டப்போகிறார்களாம். எல்லா வீடுகளும் கடலைப் பார்த்தவை. ஒவ்வொரு வீட்டின் வரைபடத்திலும் சமையலறைக்குப் பின்னால் ஒரு சிறிய கட்டம் இருந்தது. ‘சர்வன்ட் ரூம், ஆறுக்கு ஏழு’ என்று அதற்குள் எழுதியிருந்தார்கள். அந்தக் கட்டத்துக்கு மட்டும் சன்னல் வரையப்படவில்லை.

பிறகு தொலைபேசியில் அழைத்தான்.

“அக்கா, நீ பாரீஸ்ல பெரிய பணக்காரங்க ஏரியாலதான இருக்குற? அந்த மாரி ஏரியா எப்படி இருக்கும்னு கொஞ்சம் சொல்லு. நம்ம ஊர்லயும் வருது இல்ல. ஒண்ணு புக் பண்ணலாமான்னு பாக்குறேன்.”

“எழுதி அனுப்புறேன்டா.”

“எழுதுறியா? வேணாம்மா, வாய்ஸ் மெசேஜ் போடு, போதும். நீ எழுத உக்காந்தா மனு மாரி ஆய்டும்.”

கேலியாகத்தான் சொன்னான். ஆயினும் எழுதவே உட்கார்ந்தேன். இந்தப் பேட்டையின் வரலாற்றையும் குணத்தையும் பொதுவாகச் சொல்லிவிடலாம் என்று எண்ணியிருந்தேன். இரண்டு பத்திகள் எழுதிய பிறகு ஜெசிந்தா அக்காவின் பெயர் குறுக்கே வந்து நின்றது. அவரை ஒதுக்கிவிட்டு எழுதினால் அது அந்தக் கையேட்டைப் போன்றதாகத்தான் இருக்கும். எனவே அவரைச் சேர்த்தே எழுதுகிறேன். அவருக்கு நான் செய்ததையும் சேர்த்து.

2

முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் திருத்திவிட வேண்டும். நான் பாரீஸின் பதினாறாம் வட்டாரத்தில், பாஸ்ஸி என்னும் செல்வப் பேட்டையில் வசிப்பது உண்மை. ஆனால் வசிப்பது தரைத்தளத்தில், வாயிற்கதவை ஒட்டிய காவலறையில். பதினைந்து ஆண்டுகளாக இந்த ஆறு மாடிக் கட்டடத்தின் காவலாளி நான். படிக்கட்டுகளைத் துடைக்கிறேன், குப்பைத் தொட்டிகளைத் தெருவுக்குத் தள்ளுகிறேன், தபால்களைப் பிரித்து வீடு வீடாகச் சேர்க்கிறேன். வேலையோடு வருவதுதான் வீடு. வேலை போனால் வீடும் போகும்.

சமூகப் பணியில் முதுகலை படித்தவள் நான். படிப்பு முடிந்து நான்கு ஆண்டுகள் மரக்காணத்து உப்பளத் தொழிலாளர்களிடையே வேலை செய்தேன். பிறகு புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமையுள்ள குடும்பத்துப் பிள்ளை ஒருவரைப் பெற்றோர் பார்த்து முடித்தார்கள். என் கணவருக்கு விமான நிலையத்தில் பெட்டிகளை ஏற்றி இறக்கும் வேலை. என் பட்டம் இந்நாட்டில் எதற்கும் ஈடாகாது என்று ஓர் அலுவலகம் எனக்கு மிகுந்த மரியாதையோடு கடிதம் எழுதியது. அந்தக் கடிதம் என் பெயருக்குக்கூட வரவில்லை. நம் வழக்கப்படி பெயருக்கு முன்னால் இருந்த அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராக்கி, ‘மதாம் ஆரோக்கியசாமி’ என்று எழுதியிருந்தார்கள். இறந்துபோன என் தகப்பனார்தான் இன்றுவரை எனக்காகத் தபால் வாங்கிக்கொண்டிருக்கிறார்.

மகன் சேவியர் இந்தக் காவலறையில்தான் பிறந்து வளர்ந்தான். பதினான்கு வயது. முகவரியின் புண்ணியத்தில் இந்நகரின் மிகச் சிறந்த அரசுப் பள்ளிகளுள் ஒன்றில் படிக்கிறான். அமைச்சர்களின் பேரப்பிள்ளைகள் அவனோடு உட்கார்ந்திருக்கிறார்கள். நான் தமிழில் கேட்பேன், அவன் பிரெஞ்சில் பதில் சொல்வான். தெருவில் நான் குப்பைத் தொட்டியோடு நிற்பதைப் பார்த்தால், கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவான். நான் அதைப் பார்க்கவில்லை என்று நினைக்கிறான்.

3

பாஸ்ஸி ஒரு காலத்தில் பாரீஸுக்கு வெளியே இருந்த ஊர். சரிவில் திராட்சைத் தோட்டங்கள், கீழே ஆறு, நடுவே கல் வெட்டிய குழிகள். இன்றும் ஒரு தெருவுக்குத் திராட்சைக் கொடிகளின் பெயர், இன்னொன்றுக்கு நீரின் பெயர். இங்கே மண்ணிலிருந்து இரும்புச் சத்து மிகுந்த ஊற்றுநீர் கிடைத்தது. நோய் தீரும் என்று நகரத்துச் சீமான்கள் வண்டி கட்டி வந்து குடித்தார்கள். இரும்பு மிகையாக இருந்ததால் அந்த நீரைப் பெரிய சாடிகளில் நெடுநாள் நிறுத்திவைத்து, கலங்கல் அடியில் படிந்த பிறகே குடிக்கக் கொடுப்பார்களாம். உப்பளத்துக்காரியான எனக்கு இது உடனே பிடிபட்டது. நாங்களும் நீரைப் பாத்தி பாத்தியாக நிறுத்தி வைக்கிறோம். ஆனால் படிந்ததை எடுத்துக்கொண்டு நீரைப் போகவிடுகிறோம். இவர்கள் நீரை எடுத்துக்கொண்டு, படிந்ததைக் கண்ணில் படாமல் விட்டுவிட்டார்கள்.

நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன்பு நகரம் இந்த ஊரைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. தோட்டங்கள் மனைகளாயின. செதுக்கிய கல்லாலான உயரமான கட்டடங்கள் எழுந்தன. அந்தக் கட்டடங்களில் ஓர் ஒழுங்கு உண்டு. முன்புறம் பளிங்குப் படிக்கட்டு, அதன்மேல் சிவப்புக் கம்பளம், பிற்காலத்தில் ஒரு மின்தூக்கி. பின்புறம், கரி மூட்டையும் கழிவு வாளியும் போய்வர, ஒரு மரப் படிக்கட்டு. அது ஒவ்வொரு வீட்டின் சமையலறைக் கதவையும் தொட்டுக்கொண்டு ஆறாம் மாடிக்கு ஏறும். ஆறாம் மாடியில், தகரக் கூரையின் சரிவுக்கடியில், பணிப்பெண்களுக்கான அறைகள். தாழ்வாரத்தில் எல்லாருக்குமாக ஒரு கழிப்பறை, ஒரு குழாய்.

முதலில் பிரான்சின் மேற்கு ஓரத்துப் பிரித்தானிக் கடற்கரையிலிருந்து ஏழைப் பெண்கள் வந்தார்கள். மீன்பிடிக் குடும்பத்துக் கத்தோலிக்கப் பெண்கள். அவர்களுக்குப் பிறகு எசுப்பானியப் பெண்கள், போர்த்துக்கீசியப் பெண்கள், பிலிப்பீன்சுப் பெண்கள். ஒவ்வொரு கூட்டமும் போன பிறகு அறைக்குச் சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள்.

தம்பி கேட்ட குணத்துக்கு வருகிறேன். இங்கே யாரும் யாரையும் அதட்டுவதில்லை. பதினைந்து ஆண்டுகளில் ஒருவர்கூட என்னிடம் ஒரு கடுஞ்சொல் பேசியதில்லை. கதவைப் பிடித்து நிறுத்தி எனக்கு வழிவிடுவார்கள். பார்க்கக் கூடாததைப் பார்க்காமல் இருப்பதைக் குழந்தைப் பருவத்திலேயே கற்றுக்கொண்டவர்கள் இவர்கள். ஒரு வீட்டுக்கு இரண்டு படிக்கட்டுகள் இருந்தால் அது எளிதாகவே கைகூடும்.

4

ஜெசிந்தா அக்காவை இந்தக் கட்டடத்துக்கு அழைத்து வந்ததே நான்தான். மரக்காணத்தில் எங்கள் தேவாலயப் பங்கைச் சேர்ந்தவர். புதுச்சேரிக் குடும்பம் ஒன்று குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆண்டு விசாவில் அவரை இங்கே கூட்டிவந்தது. ஆண்டு முடிந்தது, அவர் திரும்பவில்லை. கணவர் இல்லை. பதினொரு வயது மகளைத் தங்கையிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். அந்த மகள் இப்போது குயிலாப்பாளையத்தில் ஒரு விருந்தினர் விடுதியில் அறை துடைக்கிறாள். திரும்பிப் போனால் மறுபடி வர முடியாது. வசிப்புரிமைத் தாள் கிடைத்தால் போகவும் வரவும் முடியும். தொடர்ந்து பத்தாண்டுகள் இந்நாட்டில் வாழ்ந்ததை மாதம் மாதமாக மெய்ப்பித்தால், விண்ணப்பத்தை ஒரு குழு எடுத்துப் பார்த்தாக வேண்டும் என்று இங்கே விதி இருக்கிறது. அந்தப் பத்தாண்டுகளைத்தான் அக்கா சேர்த்துக்கொண்டிருந்தார். புதுச்சேரிக் குடும்பத்தோடு இருந்த முதல் ஆறரை ஆண்டுகளுக்கு அவர் பெயரில் வந்த கடிதங்கள், மருந்துச் சீட்டுகள் எல்லாம் ஒரு நீலக் கோப்பில் தேதி வரிசையில் இருந்தன.

அந்தக் குடும்பம் வேறு நாட்டுக்குப் போனபோது அக்கா என்னிடம் வந்தார். எங்கள் இரண்டாம் மாடி மதாமின் தாயார் படுக்கையில் கிடந்தார். கட்டடத்தின் உரிமையாளர் குழுவுக்கு அந்த மதாம்தான் தலைவி. நான் அக்காவைப் பற்றிச் சொன்னேன். மறுநாளே ஆறாம் மாடியின் மூன்றாவது அறையின் சாவி கிடைத்தது. ஒன்பது சதுர மீட்டருக்குக் குறைவான அறையை வாடகைக்கு விடக் கூடாதென்பது சட்டம். அது ஏழுகூட இருக்காது. “ஒரே ஒரு வேண்டுகோள்,” என்றார் மதாம். “தபால் பெட்டியில் பெயர் ஒட்ட வேண்டாம்.”

அக்கா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கிழவியைக் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் போட்டு, மாலையில் பின்படிக்கட்டால் என் அறைக்கு இறங்கி வருவார்.

“இன்னாடி ரீட்டா, கெழவி இன்னிக்குத் தமிழ் பேசிடுச்சு தெரியுமா?”

“இன்னா பேசுச்சு?”

“சூப்பு குடுத்துக்கினே இருந்தனா, கைய நீட்டி ‘போதும்’னுச்சு. நான் டெய்லி கேக்குறேன் இல்ல, போதுமா போதுமான்னு. கத்துக்கிச்சு. உம்புள்ளைக்கு வரல, அதுக்கு வந்துடுச்சு பாரு.”

சேவியர் காதில் பாட்டுக் கேட்கும் கருவியை மாட்டிக்கொண்டு அவர் சுட்ட ஆப்பத்தைத் தின்றுகொண்டிருந்தான்.

கிழவி இறந்தார். மதாம் அக்காவை வெளியேற்றவில்லை. அறையில் இருந்துகொண்டு மற்ற வீடுகளில் துணி தேய்க்கட்டும் என்று விட்டுவிட்டார். அதை அவருடைய இரக்கம் என்றுதான் அப்போது நாங்கள் இருவருமே சொல்லிக்கொண்டோம்.

5

போன குளிர்காலத்தில் ஆறாம் மாடிக் குழாய் உறைந்து வெடித்தது. தண்ணீர் நின்றது, கழிப்பறையும் நின்றது. அங்கே நான்கு அறைகளில் நான்கு பேர் வாழ்ந்தார்கள். என் அறையிலிருந்து வாளியில் பிடித்துக்கொண்டு நூற்றுப் பதினெட்டுப் படி ஏறினார்கள். நிர்வாகத்துக்கு நான் மூன்று முறை எழுதினேன். ஆறாம் மாடி உரிமையாளர்களின் தனிப்பட்ட பகுதி என்று பதில் வந்தது. உரிமையாளர்களோ வசந்த காலத்தில் பார்க்கலாம் என்றார்கள்.

வீடுகளின் சுகாதாரத்தைக் கவனிக்கும் நகராட்சிப் பிரிவுக்கு மனு எழுத முடிவு செய்தேன். சட்டத்தையும் படித்தேன். வாழத் தகாத அறையை வாடகைக்கு விட்டவர், குடியிருப்பவருக்கு மாற்றிடம் தர வேண்டும் என்று அதில் தெளிவாக இருந்தது. ஒரே வீச்சில் தண்ணீரும் வரும், நல்ல அறையும் கிடைக்கும் என்று கணக்கிட்டேன்.

எப்படி எழுதுவது என்பதில் எனக்கு ஐயமே எழவில்லை. மரக்காணத்தில் நான் கற்றது அது ஒன்றுதான். திங்கட்கிழமை தோறும் விழுப்புரத்தில் ஆட்சியரிடம் மனு கொடுப்போம். பெயர்ப் பட்டியல் இல்லாத மனுவை அங்கே யாரும் தொடக்கூட மாட்டார்கள். அதனால் அளத்தில் ஒவ்வொரு பாத்தியாகப் போய், பெயர், தகப்பன் பெயர், எத்தனை ஆண்டாக வேலை, யாருடைய அளம் என்று எழுதி, உப்பில் வெடித்த கட்டைவிரல்களைப் பிடித்து மை வைப்பேன். அந்தப் பட்டியலைக் கொண்டுதான் அளத்துக்குக் குடிநீர்த் தொட்டி வந்தது. மழைக்கால உதவிப் பணத்தில் விட்டுப்போன பெயர்கள் சேர்ந்ததும் அதனால்தான். பெயர் எழுதப்பட்டால் அந்த ஆள் இருக்கிறான் என்று பொருள். நான்கு ஆண்டுகள் அதை நம்பி வேலை செய்தவள் நான்.

ஆறாம் மாடிக்கும் அப்படியே பட்டியல் போட்டேன். அறை எண், பெயர், எத்தனை காலம், உரிமையாளர் யார்.

“பேரு போடாத ரீட்டா,” என்றார் அக்கா. “தண்ணி வரலன்னு மட்டும் எழுதேன்.”

“பேர் இல்லாத மனுவ எவன் படிப்பான் அக்கா? நாலு பேர் இங்க உயிரோட இருக்காங்கன்னு தெரிஞ்சாதான வருவாங்க.”

“ஏன்டி, நான் ஒளிஞ்சிக்கினு இருக்குறவ. எம்பேர எழுதிக் குடுக்குறன்ற.”

“இது போலீஸ் கிடையாது, சுகாதாரம். தாள் இருக்கா இல்லையான்னு அவங்க கேக்க மாட்டாங்க. அந்தம்மாதான் உனக்கு வேற எடம் குடுத்தாவணும். நான் படிச்சுப் பாத்துட்டுதான் சொல்றேன்.”

அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். “படிச்சவ சொல்ற. செய்யி.”

மற்ற மூவரிடமும் நான் கேட்கக்கூட இல்லை.

6

மூன்று வாரம் கழித்து, கையெழுத்திட்டு வாங்க வேண்டிய பதிவுத் தபால்கள் நான்கு வந்தன. உரிமையாளர்கள் எனக்கு அதிகாரம் கொடுத்திருந்ததால் நானே கையெழுத்திட்டு வாங்கினேன். அனுப்பியவர் பெயரைப் பார்த்ததும் எனக்கு மகிழ்ச்சிதான் வந்தது. முன்படிக்கட்டில், கம்பளத்தின்மேல் ஏறி, நானே நான்கு வீடுகளிலும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஆய்வுக்கு வரும் தேதியை உரிமையாளர்களுக்கு முன்கூட்டியே தெரிவிப்பது இங்கே நடைமுறை. புகார் செய்தவரின் பெயரை மறைப்பதும் நடைமுறை. என் பெயரை ஒழுங்காக மறைத்திருந்தார்கள். பட்டியலை மறைக்கவில்லை. அது புகாரின் உள்ளடக்கம். என் பெயர் இல்லாத அந்தத் தாளில், நான்கு பெயர்கள் மட்டும் வரிசையாக நின்றன.

மறுநாள் மதாம் என் அறைக்கு வந்தார். பதினைந்து ஆண்டுகளில் அவர் உள்ளே வந்து உட்கார்ந்தது அன்றுதான். கண்கள் கலங்கியிருந்தன.

“மதாம் ரீட்டா, உங்களுக்கு இது தெரிந்திருக்காது. மேலே இருப்பவர்கள் நால்வரும் சேர்ந்து என்மீது புகார் கொடுத்திருக்கிறார்கள். ஜசாந்த்தும்கூட. என் தாயின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள். அவளுக்கு நான் என்ன குறை வைத்தேன்?” ஜெசிந்தா அவர் வாயில் ஜசாந்த் ஆகியிருந்தார்.

அப்போது நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வாக்கியம் போதும். சேவியர் திரைக்குப் பின்னால் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தான். நான் அவருக்கு ஒரு குவளைத் தண்ணீர் கொடுத்தேன்.

ஆய்வுக்கு ஆறு நாள் இருந்தது. நான்காம் நாளே நான்கு அறைகளும் காலியாயின. யாரும் கத்தவில்லை. யாருடைய பெட்டியும் வெளியே எறியப்படவில்லை. மதாம் அக்காவின் கையில் ஓர் உறையைக் கொடுத்து, சனிக்கிழமைக்குள் என்று மட்டும் சொன்னாராம். காலி அறைகளில் உரிமையாளர்கள் நிலவறையிலிருந்து பழைய பெட்டிகளைக் கொண்டுவந்து அடுக்கினார்கள். அந்த வேலைக்கு மின்தூக்கியைப் பயன்படுத்திக்கொள்ள நிர்வாகம் அனுமதித்தது.

ஆய்வாளர்கள் வந்தார்கள், அளந்தார்கள், எழுதினார்கள். அறைகள் குடியிருப்புக்குத் தகுதியற்றவை. தற்போது யாரும் குடியிருக்கவில்லை. ஆகவே மாற்றிடம் தரும் கடமை எழவில்லை. என் மனுவில் கேட்டிருந்த ஒவ்வொன்றுக்கும் அந்த அறிக்கையில் ஒழுங்கான பதில் இருந்தது.

7

அக்கா வடக்குப் புறநகரில், எட்டுப் பேர் தங்கும் ஒரு வீட்டில், இரண்டடுக்குக் கட்டிலின் மேல்தட்டைப் பிடித்தார். ஏப்ரலில் அவருக்குப் பத்தாண்டு நிறைந்தது. ஜூன் மாதத்தில் ஒரு வியாழக்கிழமைக்குக் குடியேற்ற அலுவலகத்தில் நேரம் கொடுத்திருந்தார்கள்.

தமிழ்ப் பூசை முடிந்து கோயில் வாசலில் என்னைப் பிடித்தார். பட்டியல் விஷயம் என்ன ஆயிற்றென்று நான் முன்பே சொல்லியிருந்தேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

“ஆறரை வருசத்துக்குப் பேப்பர் இருக்குது. உங்க வூட்ல இருந்த மூணு வருசத்துக்குத்தான் ஒண்ணுமே இல்ல. பொட்டில பேரு இல்ல, தபால் வரல. நீ ஒரு லெட்டர் குடுடி. கார்தியன், அதான் உன்ன மாரி காவலாளி, குடுக்குற லெட்டருக்கு வெயிட்டு ஜாஸ்தியாம், எம்பேப்பரப் பாக்குற வக்கீலம்மா சொல்லிச்சு.”

“சாமியார் குடுத்தாரே அக்கா?”

“சாமியார் ஞாயித்துக்கெழம பாத்தத எழுதினாரு. மீதி ஆறு நாளு?”

எழுத வேண்டியது மிக எளிது. இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை இவர் ஆறாம் மாடி மூன்றாம் அறையில் குடியிருந்ததை நான் நாள்தோறும் கண்டேன். கைப்பட எழுதி, அடையாள அட்டையின் நகலை இணைக்க வேண்டும். ஆனால் அந்தத் தாள் மதாமுக்கு எதிரான சாட்சியமும் ஆகும். சட்டத்துக்குப் புறம்பான அறை, பதிவு செய்யாத வேலை, ஆய்வாளர்களுக்குச் சொன்ன பொய், எல்லாம் அதில் வரும். மதாம் தலைவி. என் வேலை போகும், வேலையோடு வீடு, வீட்டோடு பள்ளி.

கணவர், “நீயே முடிவு பண்ணு,” என்று சொல்லிவிட்டு இரவுப் பணிக்குப் போனார். மகனிடம் சொன்னேன். அவனும் தெரிந்துகொள்ள வேண்டுமென்று நினைத்தேன். பிரெஞ்சில் கேட்டான்: “ஆறாம் மாடிப் பெண்மணிக்காக நாம் ஏன் போக வேண்டும்?”

“ஆறாம் மாடிப் பெண்மணியா? உனக்கு ஆப்பம் சுட்டுப் போட்ட பெரியம்மாடா அது.”

அவன் தோளைக் குலுக்கினான். அந்தக் குலுக்கல் இந்தப் பேட்டையினுடையது. மரக்காணத்தில் யாரும் தோளை அப்படிக் குலுக்குவதில்லை.

நான் விளைவுகளை எடை போட்டேன். அது எனக்குப் படிப்பில் சொல்லிக்கொடுத்த வேலை. ஒரு பக்கம் ஒருவரின் பயண உரிமை, மறுபக்கம் மூவரின் கூரை. மகளைப் பத்தாண்டு பார்க்காதது ஒருபுறம், ஒரு பிள்ளையின் எதிர்காலம் மறுபுறம். பதினோரு நாள் எடை போட்டேன். மனுவை எழுதிய அன்று ஒரு மாலைகூட எடுத்துக்கொள்ளாதவள், சாட்சி சொல்லப் பதினோரு நாள் எடுத்துக்கொண்டேன். இந்த வேறுபாடு எனக்கு அப்போது உறைக்கவில்லை. மனு எழுதினால் என்னுடைய எதுவும் போகாது என்று அன்று எனக்குத் தெரிந்திருந்தது.

வியாழக்கிழமைக்கு இரண்டு நாள் முன்பு, செவ்வாய் காலை, எழுதிவிட்டேன். கையெழுத்திட்டு உறையிலிட்டு, தபால் தலை ஒட்டி, மேலங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். மதியம் படிக்கட்டைத் துடைத்த பிறகு தெருமுனைப் பெட்டியில் போடலாம் என்றிருந்தேன்.

8

மதியம் மதாம் ஓர் இளம் தம்பதியோடு முன்படிக்கட்டில் இறங்கி வந்தார். ஆறாம் மாடி அறைகள் மூன்றின் சுவர்களை இடித்து ஒரே சிறிய வீடாக்கி விற்கப்போகிறார்கள். கூரையில் பெரிய சன்னல் திறந்தால் ஈஃபிள் கோபுரம் தெரியும். நல்ல விலை போகும்.

அந்த இளம்பெண் கவனமாகக் கேட்டாள். “அந்த அறைகளில் முன்பு யாராவது குடியிருந்தார்களா? பிற்பாடு உரிமை கோரி யாராவது வருவார்களோ என்று எங்கள் வழக்கறிஞர் கேட்கச் சொன்னார்.”

மதாம் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். மிரட்டும் பார்வை இல்லை. என்மேல் முழு நம்பிக்கை வைத்த பார்வை.

“மதாம் ரீட்டா பதினைந்து ஆண்டுகளாக இங்கே இருக்கிறார். இந்தக் கட்டடத்தில் அவருக்குத் தெரியாதது எதுவுமில்லை. அவரையே கேளுங்கள்.”

அந்நேரம் சேவியர் பள்ளியிலிருந்து வந்து வாயிற்கதவைத் திறந்துகொண்டு நின்றான். மூவரும் என்னைப் பார்த்தார்கள், அவனும் பார்த்தான்.

“பெட்டிகள் இருந்தன,” என்றேன். “பழைய பெட்டிகள்.”

அந்தப் பெண் நன்றி சொன்னாள். சேவியர் கதவைப் பிடித்து நிறுத்தி அவர்களுக்கு வழிவிட்டான். மிக அழகாக, குனிந்து. அன்று மாலை, பல மாதங்களுக்குப் பிறகு, அவன் என்னிடம் தமிழில் பேசினான். “அம்மா, சாப்பாடு இன்னா?” என்றான்.

உறை என் மேலங்கிப் பையிலேயே இருந்தது. இரண்டு சாட்சியங்களும் என்னுடையவை, இரண்டும் ஒரே நாளுக்குரியவை. ஒன்றை ஏற்கெனவே நாலு பேர் கேட்டுவிட்டார்கள். புதன்கிழமை அக்கா மூன்று முறை அழைத்தார். நான் எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை எடுத்தேன்.

“முடிஞ்சுதுடி,” என்றார். பின்னால் ரயில் நிலையத்து அறிவிப்பு கேட்டது. “ஆறரை வருசத்த ஒத்துக்கினாங்க. அதுக்கப்புறம் கேப்பு உழுந்துருக்குதாம். அந்தக் கவுண்ட்டர்ல இருக்குற பொண்ணு கேக்குது, அந்த மூணு வருசம் நீங்க இந்தியாவுக்குப் போய்ட்டு வந்துருப்பீங்களோன்னு. இந்தியாவுக்கு! போயிருந்தா எம்பொண்ண பாத்துட்டு இருந்துருப்பேனே, இவுங்கிட்ட வந்து இன்னாத்துக்கு நிக்கப் போறேன்?”

“இப்ப இன்னா சொல்றாங்க?”

“இன்னா சொல்லுவாங்க. மொதல்லருந்து எண்ணுன்றாங்க. இந்தக் கட்டில்லருந்து.”

பிறகு அவரே கேட்டார். “லெட்டர் போட்டியா, வழியில எங்கனா மாட்டிக்கிச்சா?”

பொய் சொல்ல வழி கொடுத்துதான் கேட்டார் என்று நினைக்கிறேன். நான் சொல்லிவிட்டேன். எழுதியதை, போடாததை, வாங்க வந்தவர்கள் கேட்டதை, பெட்டிகள் என்று நான் சொன்னதை. அங்கே ஒரு ரயில் வந்து நின்று, கிளம்பிப் போனது.

“அப்போ அந்த மூணு வருசம் நான் எங்கடி இருந்தேன்?”

“ஆறாவது மாடியில அக்கா. மூணாவது ரூம்ல.”

“அத எங்கிட்ட இன்னாத்துக்குச் சொல்ற?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.